பதினோராவது பெயர்

சனிக்கிழமை இரவு,
இலைக் கிடங்கின் எடைக்கணக்கை முடித்துவிட்டு
அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பத்துப் பெயர்களைப் பேனாவால் எழுதினேன்.
பதினோராவதற்குப் பென்சிலைத் தேடினேன்.

போன வருஷம் பதினான்கு ஆட்டம்.
இரண்டு சமன்.
மீதியைக் கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில்
டீ ஆற்றுகிறவரே சொல்வார்.
ஐந்து பேர் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள்.
ஒருவன் முழங்காலை நீட்டி வீட்டில் கிடக்கிறான்.
அணியைப் புதிதாகக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.
கையில் இருப்பது நான்கு பையன்கள்,
ஒரு கிழிந்த வலை.

இஞ்ஞாசிக்குப் பதினேழு.
டேன்டீ லயன் வீட்டிலிருந்து வருகிறான்.
அவன் இடது காலில் பந்து இருந்தால்
இந்தச் சரிவிலும் உருளாது.
எடை நாற்பத்தெட்டு கிலோ,
நானே கிடங்குத் தராசில் நிறுத்திப் பார்த்தேன்.
நாளைக்கு எதிரே தொழிற்சாலை அணி.
அவர்களுடைய ரைட் பேக்
கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டு
மூன்று மாடி ஏறுகிறவன்.

கமிட்டியில் ஆல்துரை சொன்னார்:
"நாத்து நட்ட வருஷமே கொழுந்து கிள்ளுவியா?
நாலு வருஷம் விடணும்."
எல்லாரும் தலையாட்டினார்கள்.
தேயிலையை வைத்து எதைச் சொன்னாலும்
இங்கே தலையாட்டுவார்கள்.
அப்போது வாயில் வராதது இப்போது வருகிறது:
நாற்று திருப்பூருக்கு பஸ் ஏறுமா அண்ணே?

ஆனால் சுதாகரனைப் பற்றியும் நான் பேசவில்லை.
இரண்டு வருஷம் முன்பு, பதினாறு வயதில்,
ஆள் இல்லையென்று ஸ்டாப்பராக நிறுத்தினேன்.
ஏழு கோல்.
ஏழு முறையும் எல்லாரும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.
பூட்ஸைக் கழுவி, காயவைத்து,
உள்ளே பேப்பர் திணித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.
இப்போது கேரட் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறான்.
என்னைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பான்,
நிறுத்த மாட்டான்.
சீக்கிரம் என்பதற்கு எனக்கு ஒரு முகம் தெரியும்.
தாமதத்துக்கு முகமே இல்லை.
பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து
ஒரு ஞாயிற்றுக்கிழமை வராமல் போனவர்கள்
ஹாரன் கூட அடிப்பதில்லை.

பாப்புராஜுக்கு முப்பத்தி நாலு.
இடது பக்கம் பன்னிரண்டு வருஷமாக அவனுடையது.
ஓட்டம் போய்விட்டது, நிற்கும் இடம் போகவில்லை.
அவன் ஆடினால் இரண்டு கோலில் தோற்போம்,
பையன் ஆடினால் நாலில்.
எப்படியும் தோற்கப்போகிற வருஷம்.
அந்தத் தோல்வியை யாருக்காகச் செலவழிப்பது?

கடைசிப் பத்து நிமிஷம் இறக்கலாம் என்கிறார்கள்.
மூன்று கோல் வாங்கியபின்
ஒரு பையனை உள்ளே அனுப்புவது
வாய்ப்பு இல்லை,
கையில் துடைப்பம் கொடுப்பது.
முதல் நிமிஷத்திலிருந்து ஆடட்டும்.
பாதி ஆட்டத்தில் எடுத்துவிடுவேன்,
கோல் போட்டாலும் விட்டாலும்.
அதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிட வேண்டும்.
வெளியே வரும்போது அவன் தலை குனியக் கூடாது.

பத்தேகாலுக்குப் பாப்புராஜை அழைத்தேன்.
"ஸ்டட் மாத்தி வச்சிருக்கேன்டா" என்றான்.
சொன்னேன்.
லைனில் அவன் வீட்டு டிவி மட்டும் கேட்டது,
ஏதோ விளம்பரம், முழுசாக.

ஞாயிறு காலை மஞ்சு இறங்கி
அந்தப் பக்கத்து கோல் போஸ்ட்டைத் தின்றுவிட்டது.
ரெஃப்ரி இரண்டு தடவை விசிலை வாயில் வைத்து எடுத்தார்.
இஞ்ஞாசி பந்தோடு இடது ஓரமாக
வெள்ளைக்குள் போனான்.
சிலிண்டர்க்காரனும் பின்னால் போனான்.
ஒரு மோதல் சத்தம்.
ஈரத் தோல் பந்தா, உடம்பா தெரியவில்லை.
அப்புறம் ஒரு கூச்சல்,
எந்த அணியுடையது என்றும் தெரியவில்லை.

எழுந்து நின்றேன்.
பக்கத்தில் பாப்புராஜ்,
காலையிலிருந்து என்னோடு பேசாதவன்,
முடிச்சுப் போட்ட பூட்ஸோடு
கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான், யாரிடமோ:
"இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு."